பாஸ்போர்ட் வராத மாசி: ஒரு தேனிலவுப் பயணத்தின் வரவு செலவு

எங்கள் திருமணம் 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் நடந்தது. தேனிலவுக்கு இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குத்தான் போக வேண்டும் என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பே என் கணவர் சொல்லிவிட்டார். கடற்கரைக்காக அல்லாமல் கலுங்கான் திருவிழாவுக்காக அவர் அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்திருந்தார். பாலி இந்துக்கள் தங்களுடைய 210 நாள் கொண்ட நாள்காட்டிப்படி கொண்டாடும் அந்தத் திருவிழா, அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் பெஞ்சோர் என்னும் நீண்ட மூங்கிலை நட்டு, அதன் நுனி வளைந்து தெருவின் மேல் தொங்கும்படி தென்னங்குருத்தும் நெற்கதிரும் கட்டுவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே போவதால் எங்கள் தேதி நகர்த்த முடியாத தேதியாக இருந்தது. இரண்டு வாரம் தள்ளிப் போகலாம் என்றால், மார்ச் 11ஆம் தேதி நியேபி வந்தது. அந்த நாளில் தீவு முழுவதும் விளக்கில்லாமல், ஓசையில்லாமல் இருக்கும். விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களும் தங்கும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது.

முன்பதிவுகளைச் செய்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பாலியின் தலைநகர் டென்பசார் செல்லும் விமானச் சீட்டுகளை என் மாமனார் தமக்குப் பழக்கமான ஒரு டிராவல்ஸ் மூலம் எடுத்தார். உபுத் ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு வில்லாவையும், கிழக்குக் கரையில் அமெத் என்ற மீனவ ஊரில் ஒரு சிறு வீட்டையும், கணவரின் அலுவலக நண்பர்கள் கூட்டாகப் பணம் போட்டுக் கல்யாணப் பரிசாக வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். காரையும் ஓட்டுநரையும் மட்டும் கணவரே வாட்ஸ்அப்பில் பேசி ஏற்பாடு செய்தார். அவரிடம் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. எனக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட்.

கார்த்திகை இறுதியில் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, அப்பா வீட்டு முகவரியில், திருமணமாகாதவள் என்று குறிப்பிட்டு இணையத்தில் விண்ணப்பித்தேன். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் முறை என்றால் அதற்கு மேல் இன்னும் 2,000 ரூபாய். சாதாரண முறையே போதும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், அதற்குக் காரணமும் இருந்தது: அக்கம்பக்கத்தில் அந்த ஆண்டு விண்ணப்பித்த யாருக்கும் புத்தகம் வருவதில் தாமதம் ஏற்படவில்லை.

பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் டோக்கன் எண் திரையில் வரும்வரை உட்கார்ந்திருந்து, ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்களைக் கடக்க வேண்டும். ஏ கவுண்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். பி கவுண்டரில் சரிபார்க்கிறார்கள். சி கவுண்டரில் அதிகாரி முடிவு செய்கிறார். நிச்சயதார்த்தத்துக்கு இட்ட மருதாணி விரல் நுனிகளில் இன்னும் கருஞ்சிவப்பாக நின்றதால் கருவி என் ரேகையைப் பிடிக்க மறுத்தது. கவுண்டரில் இருந்த பெண் ஒரு ஈரத்துணியை நீட்டி, "நல்லா அழுத்தித் துடைச்சிட்டு வைங்க மேடம், கல்யாணப் பொண்ணுங்க எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க" என்றார். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஏற்கப்படும் என்ற விதி பின்னர் வந்தது என்றாலும், எங்கள் வயதுக்காரர்களுக்குப் பழைய ஆவணங்கள் இன்னும் செல்லும். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது காவல்துறை விசாரணை மட்டும்.

முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுப்பவருக்குச் சாதாரண முறையில் பெரும்பாலும் இந்த விசாரணை முடிந்து அறிக்கை போன பிறகே புத்தகம் அச்சுக்குப் போகும். என் விண்ணப்பம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு வந்த நேரம் மார்கழி முடிந்து பொங்கல் பந்தோபஸ்து தொடங்கிய நேரம். நிலையத்தில் இருந்த சிலரும் ஜல்லிக்கட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய்விட்டார்கள். இதற்கிடையில் எங்களுக்கு முகூர்த்தம் வந்துவிட்டது. விசாரணைக்கு வந்த காவலர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் செயலியைத் திறந்தபோது, நான் வேறொரு மாவட்டத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். அங்கே நடந்ததை அம்மா தொலைபேசியில் அப்படியே சொன்னார்.

"பொண்ணு எங்கம்மா?"

"போன வாரந்தான் சார் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை வீட்டுல இருக்கா."

"அப்ப இங்க குடியிருக்கலைன்னுதானே அர்த்தம்? கல்யாணம் ஆகலைன்னு வேற போட்டிருக்கு."

சந்தேகத்தைத் தீர்ப்பதாக நினைத்து அப்பா உள்ளே போய்த் திருமண அழைப்பிதழை எடுத்து வந்து கொடுத்தார். காவலர் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் இருக்கும் பெண் அந்த முகவரியில் இல்லை என்பதற்கு எங்கள் வீட்டு அழைப்பிதழைவிட நல்ல சான்று அவருக்கு வேறு என்ன கிடைத்திருக்கும்! அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. படிவம் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இந்த வீட்டில் வசிக்கிறாரா? நம் ஊரில் கல்யாணமான பெண் எந்த வீட்டில் வசிக்கிறாள் என்பதற்கு முதல் சில மாதங்களில் யாராலும் திட்டமாகப் பதில் சொல்ல முடியாது. மறுவீடு, தாலி பிரித்துக் கோப்பது, குலதெய்வம், ஆடி என்று அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறாள்.

அறிக்கை பாதகமாகப் போனது. எனக்குக் குறுஞ்செய்தியும், பிறகு விளக்கம் கேட்டு மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தன. இந்த இடத்தில் பலர் பயந்துபோய்த் தரகரைத் தேடி ஓடுகிறார்கள், அல்லது முதல் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வேறு முகவரியில் தட்கலில் இன்னொன்று போட நினைக்கிறார்கள். இரண்டாவது யோசனை எங்கள் வீட்டிலும் எழுந்தது. நாங்கள் விசாரித்தவர்கள் அத்தனை பேரும் அதைத் தடுத்தார்கள். ஒரே ஆளின் பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் முதலில் ஒன்றை முடித்துவைக்க வேண்டும், அந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கே தனி அலைச்சல் ஆகும். பாதகமான அறிக்கை வந்துவிட்டால் விண்ணப்பம் செத்துவிட்டது என்றும் பொருள் இல்லை. இணையதளத்தில் அதிகாரியை நேரில் பார்த்து விசாரிப்பதற்கான நேரத்தைப் பதிவு செய்துகொண்டு, மண்டல அலுவலகத்துக்கு நேரில் போய், எழுத்தில் விளக்கம் கொடுத்தால் மறுவிசாரணைக்கு உத்தரவிடுகிறார்கள். நிலைமை தெரிய 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. அதில் பேசுபவர்கள் கோப்பைத் தள்ளிவிட முடியாது என்றாலும், அது எந்த மேசையில் நிற்கிறது என்பதைச் சொல்கிறார்கள்.

நான் கொடுத்த விளக்கக் கடிதம் ஒரே பக்கம். விண்ணப்பித்த தேதியில் எனக்குத் திருமணமாகவில்லை என்பது, திருமணம் நடந்த தேதி, ஆதாரும் வாக்காளர் அட்டையும் இன்னும் தந்தை வீட்டு முகவரியிலேயே இருப்பது, மறுவிசாரணையின்போது நான் அங்கேயே இருப்பேன் என்ற உறுதி, இவ்வளவுதான் அதில் இருந்தன. கூடவே மணநிலையைத் திருத்திக் கணவர் பெயரையும் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். இருந்தாலும் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதைத் தள்ளிப்போடாமல் செய்துவிட்டோம். பின்னாளில் பல நாடுகளின் குடும்ப விசாவுக்கு அது தேவைப்படும்.

மறுவிசாரணைக்காக நான் பிறந்த வீட்டில் வந்து தங்கியபோது தெருவில் எழுந்த பேச்சைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். "என்னடி, அதுக்குள்ள வந்துட்ட?" என்று கேட்காத அத்தை இல்லை. இந்த முறை வேறொரு காவலர் வந்தார். என்னை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். எதிர்வீட்டு மாமாவிடமும் மளிகைக்கடை அண்ணனிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அப்பா சட்டைப் பையில் கைவிட்டபோது, "இதுக்கு எதுவும் கிடையாது சார்" என்று எழுந்துவிட்டார். உண்மையும் அதுதான், விசாரணைக்கு விண்ணப்பதாரர் தனியாக எதுவும் கட்டத் தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் நடந்து முடியும் நேரத்தில் பாலிப் பயணம் கைநழுவிவிடும் என்பது பிப்ரவரி முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒருவேளை கடைசி நாளில் வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் மட்டும் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு முன்பதிவுக்கும் எந்தத் தேதிவரை எவ்வளவு பணம் திரும்பும் என்று எழுத உட்கார்ந்தார். இதைப் படிப்பவர்களுக்கு இதே நிலை வந்தால் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான். பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருப்பது எங்களுக்கு ஒரே காரியமாகத் தெரிந்தது. பணமோ வில்லாவுக்கு ஒரு கெடு, விமானத்துக்கு வேறொரு கெடு என்று தனித்தனியாகக் கரைந்துகொண்டிருந்தது.

உபுத் வில்லாவின் விதி இப்படி இருந்தது: வருகைத் தேதிக்கு 14 நாள் முன்புவரை ரத்து செய்தால் முழு வாடகையும் திரும்பும், அதன் பிறகு 7 நாள் முன்புவரை பாதி, அதற்கும் பிறகு ஒன்றும் இல்லை. வாடகை 54,000 ரூபாய். அதாவது ஒரு ராத்திரியில் 27,000 ரூபாய் போய்விடும். அந்த ராத்திரி எப்போது முடிகிறது என்பதில்தான் நுணுக்கம் இருந்தது. நாங்கள் நம் ஊர்க் கடிகாரப்படி நள்ளிரவு என்று நினைத்திருந்தோம். விதியின் அடியில் சிறிய எழுத்தில், சொத்து இருக்கும் இடத்தின் நேரப்படி என்று இருந்தது. பாலி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, ஆகவே அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு இரவு ஒன்பதரை.

அந்த முன்பதிவு கணவரின் நண்பர் ஒருவருடைய கணக்கில், அவருடைய கார்டில் செய்யப்பட்டது. அந்தக் கணக்கின் வழியாக அவர் மட்டுமே ரத்து செய்யவோ வில்லா உரிமையாளருக்கு எழுதவோ முடியும். பணம் திரும்பினாலும் அவருடைய கார்டுக்குத்தான் திரும்பும். பரிசாகக் கொடுத்த ஒன்றைப் பற்றி அவரிடம் கேட்பதற்கே என் கணவர் அரை நாள் தயங்கினார். கடைசியில் கெடு நாளன்று மாலை கூப்பிட்டபோது அவர் பெங்களூருவில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். எட்டரை மணிக்குத் திரும்ப அழைத்து, "கேன்சல் பட்டனை அமுக்கிடட்டுமா மச்சி?" என்றார். என் கணவர் வேண்டாம் என்று சொல்லி, முதலில் உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். பட்டனை அழுத்திவிட்டால், வாடகை திரும்பினாலும், முன்பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம் போய்விடும். தேதி மாற்றம் கேட்டால் உரிமையாளர் ஒப்புக்கொள்ளும்வரை பழைய முன்பதிவு உயிரோடு இருக்கும். மனைவியின் பாஸ்போர்ட் தாமதமாகிறது, மண்டல அலுவலகத்தின் கடித நகல் இணைத்திருக்கிறோம், கலுங்கானுக்காகவே வரவிருந்தோம், தேதியை மாற்றித் தர முடியுமா என்று நான்கு வரி அனுப்பினார்கள். ஒன்பது மணிக்குள் பதில் வராவிட்டால் ரத்து செய்துவிடுவது என்று பேசிவைத்துக்கொண்டோம்.

ஒன்பதுக்கு முன்பே பதில் வந்தது. பிப்ரவரியில் கலுங்கானைத் தவறவிட்டால் அடுத்தது செப்டம்பர் 25 அன்று வருகிறது, அந்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வாடகை வித்தியாசத்தை மட்டும் வந்து கொடுங்கள் என்று அவர் எழுதியிருந்தார். 210 நாள் நாள்காட்டியில் ஆண்டுக்கு இரண்டு கலுங்கான் வருவதுண்டு என்பது எங்கள் மண்டையில் அதுவரை உறைக்கவே இல்லை. ஒரு விஷயம் மட்டும் இங்கே சொல்ல வேண்டும்: ஆவணத்தை இணைத்து, மாற்றுத் தேதி என்று வெளிப்படையாகக் கேட்டதால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். திருவிழா வாரத்தில் அவருக்கு வேறு ஆள் கிடைக்கும் என்பதும், கெடுவுக்கு முன்பே நாங்கள் சொன்னதால் அந்த ஆளைத் தேட அவருக்கு நேரம் இருந்தது என்பதும் கூடவே உதவியிருக்கும்.

அமெத் வீட்டில் அப்படி நடக்கவில்லை. பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு பத்து விழுக்காடு தள்ளுபடியில் எடுத்த வீடு அது. 18,000 ரூபாய் வாடகையில் துப்புரவுக் கட்டணம் மட்டும் திரும்பியது. தேதி மாற்றவும் உரிமையாளர் சம்மதிக்கவில்லை. விதிப்படி அவர் சம்மதிக்கத் தேவையும் இல்லை. வேறு யாராவது அந்த நாள்களை எடுத்தால் பாதியாவது தருவீர்களா என்று கேட்டோம், சிலர் அப்படித் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். பதிலே வரவில்லை. இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகப் பதினெட்டாயிரம் ரூபாயைப் பணயம் வைக்கும் இந்தத் தள்ளுபடி, கையில் பாஸ்போர்ட்டும் உறுதியான விடுப்பும் இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். கல்யாணப் பரிசாகத் தங்குமிடம் எடுத்துக் கொடுக்க நினைக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள், அந்தத் தொகையை ரொக்கமாக மொய் எழுதிவிடுங்கள்.

விமானச் சீட்டில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது பெயர். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதியிருந்தேன். டிராவல்ஸ்காரரோ கல்யாணமான பெண் என்று தாமாகவே முடிவு செய்து, என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைப் போட்டுச் சீட்டு எடுத்திருந்தார். பாஸ்போர்ட் சரியான நேரத்துக்கு வந்திருந்தாலும் அந்தச் சீட்டோடு திருச்சி கவுண்டரைத் தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துதான் சீட்டிலும் இருக்க வேண்டும், ஆகவே புத்தகத்தையோ விண்ணப்ப நகலையோ பார்க்காமல் யாரையும் சீட்டு எடுக்க விடக்கூடாது. குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததிலிருந்து, இரண்டு இடங்களையும் நிரப்பிவிடுவது நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இரண்டாவது, ரத்துக் கட்டணம். மலிவு விலைச் சீட்டு என்பதால் அடிப்படைக் கட்டணம் திரும்பாது என்பது எங்களுக்குத் தெரியும். டிராவல்ஸ்காரர் ஒரு பைசா கூட வராது என்றார். அது சரியல்ல. இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்திருக்கும் விதிப்படி, அடிப்படைக் கட்டணம் திரும்பாத சீட்டாக இருந்தாலும், பயணம் செய்யாதவருக்கு அரசு வரிகளையும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் போன்றவற்றையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதன் சொந்த நாட்டு விதியும் இடையில் வரும். நாங்கள் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகவே வரித்தொகையைக் கேட்டு விண்ணப்பித்தோம், வந்தது. பெரிய தொகை இல்லை என்றாலும், கேட்காமல் தானாக வரும் தொகையும் அல்ல.

பிறகு டிராவல்ஸ்காரரின் கணக்கு. விமான நிறுவனம் பிடித்ததற்கு மேல், ஆளுக்கு 2,500 ரூபாய் தங்கள் ரத்துக் கட்டணம் என்று மாமனாருக்கு ஒரு தாள் வந்தது. "பழகின பையன், விட்டுடும்மா" என்றார் மாமா. அவருடைய சங்கடம் புரிந்தது, ஆனாலும் சீட்டு எடுத்தபோது கொடுத்த ரசீதில் அப்படி ஒரு கட்டணம் எங்கும் சொல்லப்படவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அபராதத் தொகையையே கேட்டாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது. எழுதப்படாத ஒன்றை எப்படிக் கேட்பது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கே தனி வரையறை இருக்கிறது, புகாரையும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையும் ரசீது நகலையும் டிராவல்ஸ்காரருக்கு அனுப்பிவைத்தோம். ஒருவருக்கான கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாக அவரே மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் பார்த்த வேலைக்கும் கூலி உண்டு என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஓட்டுநருக்கு முன்பணமாக ஐந்து லட்சம் ரூபியா போயிருந்தது, நம் கணக்கில் சுமார் 2,600 ரூபாய். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாத அந்த மனிதர்தான் எல்லோரையும்விட எளிதாக, செப்டம்பருக்கு வரவு வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னார்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தோம். பாலிசியைத் திறந்து பார்த்தால், வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் பணம் உண்டு, உடல்நலக் குறைவாலோ நெருங்கிய உறவினர் மரணத்தாலோ பயணம் ரத்தானால் பணம் உண்டு; பாஸ்போர்ட்டோ விசாவோ கிடைக்காமல் போனால் இல்லை என்று விலக்குப் பட்டியலில் எழுதியிருந்தது. பெரும்பாலான பாலிசிகளில் இப்படித்தான் இருக்கிறது. வாங்கும்போது நாம் படிப்பது எவ்வளவு லட்சம் கிடைக்கும் என்ற பக்கத்தை. படிக்க வேண்டியது விலக்குப் பட்டியலை.

இன்னொரு சில்லறைக் கசிவும் உண்டு. வெளிநாட்டு நாணயத்தில் பணம் கட்டினால் பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் 2 முதல் 3.5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணமும் அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். ரத்து செய்து பணம் திரும்பும்போது இந்தத் தொகை பொதுவாகத் திரும்புவதில்லை, நாணய மாற்று விகிதமும் அன்றைய விகிதமாக இருக்கும். முழுப் பணமும் திரும்பும் என்று வாக்குறுதி இருந்தாலும் கைக்கு முழுதாக வராது.

விடுப்பு ஏற்கெனவே கிடைத்திருந்ததால் அந்த வாரத்தை வீணாக்க மனமில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியர்கள் போகக்கூடிய நாடுகள் என்று பார்த்தால் நேபாளமும் பூட்டானும் இருக்கின்றன. இரண்டுக்கும் வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆனால் 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்கள் ஆதாரை மட்டும் வைத்துக்கொண்டு நேபாளத்துக்கு விமானம் ஏற முடியாது என்பது பலருக்கு விமான நிலையத்தில்தான் தெரிகிறது. பூட்டானில் இந்தியருக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டையும் விட்டு அந்தமானுக்குப் போனோம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானம், பிறகு படகில் ஸ்வராஜ் தீவு. ராதாநகர் கடற்கரையில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். பாஸ்போர்ட் என்ற சொல்லை யார் முதலில் சொன்னாலும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் கட்டி, இருவருமே தோற்றோம்.

புத்தகம் பங்குனியில் வந்தது. ஸ்பீட் போஸ்டில் வரும் அதை விண்ணப்பத்தில் உள்ள முகவரியில், அடையாளம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும். அனுப்பிய குறுஞ்செய்தி வந்ததுமே மறுபடி அப்பா வீட்டுக்குப் போய்க் காத்திருந்து வாங்கினேன்.

ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவளுக்கு நான் சொன்னது, பிறந்த வீட்டு முகவரியில் விண்ணப்பிப்பதானால் முகூர்த்தத்துக்கு முன்பே காவல்துறை விசாரணையும் முடியும்படி நாள் கணக்குப் பார். அதற்கு நேரம் இல்லையென்றால் கல்யாணம் முடிந்து, புகுந்த வீட்டு முகவரிக்கு ஆதாரை மாற்றிய பிறகு, அங்கிருந்தே விண்ணப்பி என்பதுதான். நடுவில் மாட்டிக்கொள்ளும் விண்ணப்பம்தான் இழுத்தடிக்கிறது. மூன்று ஆவணங்கள் கையில் இருந்து, அவசரம் உண்மையாக இருந்தால், தட்கலுக்கான 2,000 ரூபாயை யோசிக்காமல் கட்டலாம். அதில் பெரும்பாலும் புத்தகம் முதலில் வரும், விசாரணை பிறகு நடக்கும். அதுவும் அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டதுதான். அவள் சித்திரையிலேயே விண்ணப்பித்தாள்.

செப்டம்பரில் நாங்கள் பாலிக்குக் கிளம்பும்போது சீட்டு, தங்குமிடம், விசா மூன்றிலும் என் பெயர் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று கணவர் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். இந்தோனேசியாவுக்குப் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். என்னுடையது புத்தம் புதியது, அவருடையதைத்தான் இந்த முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. 30 நாள் விசாவுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டவரிடம் வாங்கத் தொடங்கிய பாலித் தீவு வரி ஒன்றரை லட்சம் ரூபியா, இரண்டையும் வீட்டிலிருந்தே இணையத்தில் கட்டிவிட்டோம். அமெத்தில் தங்க இந்த முறை வேறொரு வீடு பார்த்தோம், வருவதற்கு முந்தைய நாள்வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியது. வாடகை சற்றுக் கூடுதல்தான். உபுத் வில்லாக்காரருக்குத் தர வேண்டிய வாடகை வித்தியாசத்தை, பேசியபடி ரொக்கமாகவே கொடுத்தோம்.